மதில் தாண்டிய மஜ்னூனா

பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டதும் தையல்காரியின் கால் மிஷினில் தானாக நின்றது. இன்றும் அந்த அம்மாள் இவள் பக்கம் பார்த்துச் சிரித்தபடி "மஜ்னூனா" என்றாள். கல்யாணத்துக்கு முன் அரபு வீடு ஒன்றில் தையல் வேலை பார்த்தவள் இவள். அந்த மொழியில் இன்னும் மறக்காத சொற்களில் அதுவும் ஒன்று. பைத்தியக்காரி.

அந்த அம்மாள் அரபு நாட்டிலிருந்து மகனோடு இருக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தமிழ் தெரியாது. மருமகள் தமிழ்ப்பெண், பள்ளிக்கூட டீச்சர். மதில் வழியாகவே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்து, அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டவள். உன் மாமியார் என்னைத் திட்டுகிறாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் மென்று விழுங்கியதில் டீச்சரோடும் பேச்சு குறைந்துபோனது. தைக்கக் கொடுத்த துணி வெட்டாமலே கிடந்தது. வேன் ஓட்டும் கணவனிடம் சொல்லி அழுதால், நாள் முழுக்க நீ மிஷினோடு பேசுவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றான். அது இன்னும் சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, இனி ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று, மதிலுக்கு அந்தப் பக்கம் சரிந்திருந்த தன் வீட்டுக் காகிதப்பூச் செடியை வெட்ட ஸ்டூல் போட்டு ஏறினாள். முதல் கிளையில் கத்தரி வைத்ததுமே அந்த அம்மாள் ஓடிவந்து, முள் குத்துவதையும் பாராமல் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே டீச்சர் வந்தாள்.

"வெட்டாதீங்கக்கா. அத்தை வீட்டு வாசல்ல இதே செடி இருந்துச்சாம். இதைப் பார்க்கத்தான் காலைல ஜன்னலைத் திறக்கறாங்க."

"அப்போ மஜ்னூனான்னு யாரைச் சொல்றாங்க?"

"இதைத்தான். சொல்பேச்சு கேக்காம இஷ்டத்துக்கு ஓடுதில்ல? அவங்க ஊர்ல இதுக்குப் பேரே அதுதான்."

தையல்காரி இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கியது. என்ன நினைத்திருந்தாள் என்று தெரிந்ததும் டீச்சரும் சிரித்தாள், மாமியாருக்குச் சொன்னதும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்கு இது காகிதப்பூ என்று இவள் சொல்லச் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு பூவைக் காதருகே வைத்துக் கசக்கிப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினாள். இங்கிலீஷில் இதற்குள்ள போகன்வில்லா என்ற பெயர் உலகம் சுற்றிய பிரெஞ்சுக் கப்பல் தளபதி ஒருவருடையது என்று டீச்சர் சொன்னபோது தையல்காரியின் வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவன் குரல் வந்தது.

"அதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

தையல்காரி ஒரு நீளத் துணித்துண்டைக் கிழித்து மதிலுக்கு மேலாக நீட்டினாள். அந்த அம்மாள் கிளையைத் தன் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "கா...கி...தா" என்று சொல்லிப் பார்த்தாள். இளஞ்சிவப்புக் கொத்து ஒன்று கம்பிக்குள் நுழைந்து, அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.