கூடாரத்தின் நடுக்கயிறு

எங்கள் ஏரிக்கரையைப் புயலாக அடிக்கும் உலான் காற்று வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏரியின் மேற்கே மேகம் சுருண்டு நிற்கும். அன்று பத்து மணிக்கு நின்றது. பதினொன்றுக்குச் சம்பந்தி வீட்டார், எங்கள் மகள் அய்சுலுவுக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்ண வருகிறார்கள்.

வெளிவாசலில் தொடங்கி வலமாக வந்தேன். வாளிகளைக் கவிழ்த்துக் கல் வைத்தேன். கொடியில் காய்ந்த மீனை உள்ளே எடுத்தேன். தேநீர் கொதிக்கும் சமோவாரின் புகைக்குழாயைக் கழற்றினேன். தகரக் கூரைமேல் பழைய டயர்களை ஏற்றினேன். விருந்துக்கென்று அண்ணனிடம் இரவல் வாங்கி முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்தைச் சுற்றி ஏழு முளை அடித்துக் கட்டினேன்.

"கோழிங்களையும் கட்டிடுங்க," என்றாள் என் மனைவி பாத்மா.

கூடாரத்தின் உச்சி வளையத்திலிருந்து உள்ளே தொங்கும் நடுக்கயிற்றைத்தான் மறந்தேன். காற்று நாளில் கூடாரம் பறக்காமலிருக்க அதில் பாரம் கட்ட வேண்டும். நானோ, பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமென்று முந்தின நாளே அதை மேலே சுருட்டிச் செருகியிருந்தேன்.

சம்பந்தி காசிபெக் நூற்று முப்பது கிலோ. வேறொரு வீட்டில் தன் பையைத் தானே தூக்க வைத்ததற்காகச் சம்பந்தமே வேண்டாமென்று எழுந்து போனவர்.

சம்பந்தி வீட்டார் வந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்து முதல் கோப்பைத் தேநீர் குடிக்கும்போதே காற்று வந்து அடித்தது. உச்சி வளையம் ஒரு சாண் எழும்பியது. பாய்ந்து, செருகியிருந்த கயிற்றை உருவிப் பிடித்துத் தொங்கினேன். என் கால் கம்பளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது.

"விட்டுடாதீங்க," என்று பாத்மா என் இடுப்பைப் பிடித்தாள்.

"நான் எங்க விட்டேன், அதுதான் என்னை விடமாட்டேங்குது."

அவள் சம்பந்தியைப் பார்த்தாள். வேண்டாமென்று தலையாட்டினேன். அதற்குள் என்னை விட்டுவிட்டு, ஒரு மெத்தையைக் கொண்டுவந்து கயிற்றடியில் விரித்தாள்.

"சம்பந்தி, இன்னைக்கு எங்க வீட்டுல பெரியவங்க இடம் இதுதான். வந்து உக்காருங்க."

அவர் மெதுவாக எழுந்து வந்து உட்கார்ந்தார். கயிற்றை வாங்கித் தன் இடுப்பைச் சுற்றி இறுக்கினார். கூடாரம் முனகிக்கொண்டே தரைக்கு வந்தது.

"ஏம்மா, என்னைப் பாறாங்கல்லு ஆக்கிட்டீங்களே."

"பாறாங்கல்லுக்கெல்லாம் நாங்க டீ ஊத்த மாட்டோம், சம்பந்தி."

அவர் சிரித்த சிரிப்பில் கயிறே ஆடியது. தன் மனைவியிடம், "தோட்டை எடு. பொண்ணு இங்கயே வரட்டும், நம்மால எந்திரிக்க முடியாது," என்றார்.

தோடு போட்டு முடித்தும் காற்று ஓயவில்லை. மாலைவரை, கறித்தட்டு தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் கையை நீட்டினார்.

"இன்னொரு துண்டு வைங்க. எடை குறைஞ்சா கூடாரம் போயிடும்."

கொழுப்பாகப் பார்த்து வைத்தேன்.