படி இல்லாத வீட்டு வண்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து பிறந்தது. வெளிநாடுகளில் வண்டியையே வீடாக வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள், 'கம்பெனிக்காரர்கள் இதையெல்லாம் கட்டும்போதே வைத்துக் கொடுக்கக் கூடாதா?' என்று புலம்பிய பட்டியல். படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட ஓர் இடம், தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பொய் சொல்லாமல் காட்டும் முள், ஓடும்போது வாயைப் பிளக்காத அலமாரி. யாங்கோனில் ஒரு தேநீர்க் கடையில், கரண்ட் போன நேரத்தில், போனில் மிச்சமிருந்த நாலு சதவீத சார்ஜில் இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன், அப்படியொரு வண்டியில் நம்ம ஆட்கள் இரண்டு பேரை ஏற்றிவிடுவது என்று.

2

முதல் தொடக்கம்: 'மோகன் ஓய்வுபெற்ற மறுநாள் காலை, விதி ஒரு பேருந்தின் வடிவில்...' (விதியெல்லாம் வேண்டாம். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த மோகனுக்கு ஒரே ஓர் ஆசை. அது...' (அது என்னவென்று எனக்கே தெரியவில்லை.)

மூன்றாவதுதான் நின்றது. மோகன் ஜப்பானிலிருந்து வந்த பழைய சிற்றுந்து ஒன்றை வாங்கி, அதை வீடாக்கித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டார். "இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று அவர் மனைவி சத்யபாமா தெருவில் ஏழெட்டு வீடுகளில் சொல்லி வைத்தாள். சொல்லிவிட்டு அவளும் தினமும் பட்டறைக்குப் போனாள்.

பட்டறைக்காரர் பெயர் ஊ தான் டே ('ஊ' என்றால் ஐயா). எதைக் கேட்டாலும் "யபாடே" என்பார். ஆகும், செய்துவிடலாம் என்று அர்த்தம். முடியாது என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் பக்கத் தகட்டையெல்லாம் வெல்டிங் பண்ணிடுவேன். வேணுங்கறத அதுக்குள்ள கேட்டுக்கங்க. அப்புறம் என் மாமியாரே வந்து நின்னாலும் பிரிக்க மாட்டேன்." (அவர் பேசியது பர்மியம். தமிழ் என்னுடையது, மாமியார் அவருடையவர்.)

3

மோகனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுதித் தள்ளினார். சார்ஜ் போடப் பன்னிரண்டு இடம். கரண்ட் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பெரிய பேட்டரி. வளைவுகளில் முருகன் படம் குப்புற விழாமல் இருக்க ஒரு கம்பி. மொஹிங்கா மீன்குழம்பு மடியில் கொட்டாமல் இருக்க, மேசையில் கிண்ணம் உட்கார வட்டமான பள்ளம். மழை வந்தால் தானாக மூடிக்கொள்ளும் ஜன்னல். விருந்தாளி வந்தால் தானாகக் கிளம்பிவிடும் இன்... (இதை சத்யபாமா பார்ப்பதற்குள் கிறுக்கிவிட்டார். நான் பார்த்துவிட்டேன்.)

எல்லாவற்றுக்கும் மேலாக, வலது பக்கம் ஒரு கதவு.

[அடிக்குறிப்பு போல ஒன்று: ஜப்பானில் சாலையின் இடது பக்கம் ஓட்டுவார்கள், அதனால் இந்த வண்டியின் கதவும் இடது பக்கம். இங்கே நாம் ஓட்டுவது வலது பக்கம். கதவைத் திறந்து நிம்மதியாகக் காலை வைத்தால் நடுரோட்டில்தான் வைப்போம். உலகத்தில் எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இந்தக் குறை இருக்காது.]

ஊ தான் டே சாக்குக்கட்டியால் வலது பக்கத்தில் ஒரு கதவை வரைந்தார். "எத்தன படி வைக்கட்டும், ரெண்டா மூணா?"

சத்யபாமா குறுக்கே புகுந்தாள்: "படியே வேணாம்."

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். வண்டியின் தரை மூன்றடி உயரத்தில் இருக்கிறது, படி இல்லாமல் எப்படி ஏறுவது? மூட்டுவலி என்று எழுதிப் பார்த்தேன். மூட்டுவலிக்காரிக்கு இன்னும் இரண்டு படி கூடுதலாக அல்லவா வேண்டும். திருட்டுப் பயம் என்று எழுதினேன். அவளைப் பார்த்துத் திருடர்கள் பயந்தால்தான் உண்டு. இந்தப் பாத்திரத்தையே தூக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகுதான் அவள் தங்கை தங்கமணியைப் பற்றித் தெரிந்தது. (தெரிந்தது என்றால், நானே உண்டாக்கியது. இருந்தாலும் எனக்கு அப்போதுதான் தெரியும்.)

தங்கமணி இருப்பது ஆற்றுக்கு அக்கரையில், கியாக்தானில். நாலு வருடத்துக்கு முன் பகோவில் ஒரு கல்யாணம், வாடகை வண்டியில் போனார்கள். முன் சீட்டில் உட்கார்ந்தால்தான் தங்கமணிக்கு வாந்தி வராது என்பது குடும்பத்துக்கே தெரியும். அன்றைக்கு சத்யபாமா, பட்டுச்சேலை கசங்கிவிடும் என்று சொல்லி, முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு சம்பந்தி வீட்டார் நிற்க, தங்கமணி இறங்கினாள். அடுத்து நடந்ததை எழுத வேண்டாம். ஒருவருடைய பட்டுச்சேலையும் தப்பவில்லை.

அன்று சாயங்காலமே தங்கமணி கோயிலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, "இனிமே அக்கா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தாள். சத்யபாமா விடுவாளா? இன்னொரு சூடத்தை ஏற்றி, தங்கை வீட்டு வாசப்படிக்கு அவளும் அதையே செய்தாள். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் பிள்ளைகளுக்கு ஆகாது. கோபம் ஆறே மாதத்தில் போய்விட்டது, சத்தியமும் யார் முதலில் பேசுவது என்ற வீம்பும் போகவில்லை.

போனில் பேசலாமே என்கிறீர்கள். பேசுகிறார்கள், புருஷர்கள் வாயால். அங்கே தங்கமணி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அவள் கணவர் சின்னத்தம்பி பேசுவார். இங்கே சத்யபாமா விலாவில் குத்தக் குத்த மோகன் பதில் சொல்வார். நாலு வருடமாக அந்த இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் "ஈரத் தலையோட படுக்காத" என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் தங்கமணி மகளோடு இருக்கத் தூரத்து மாண்டலேக்குக் குடிபோகிறாள். அதற்குப் பிறகு பார்ப்பது குதிரைக்கொம்புதான். வாசப்படியே இல்லாத வீடென்றால் தங்கச்சி ஏறலாம், சத்தியமும் உடையாது. (இந்த இடத்தில் சத்யபாமாவின் மனதை வர்ணித்து நாலு வாக்கியம் எழுதினேன். எடுத்துவிட்டேன். அவளுக்குத் தங்கச்சி வேண்டும், அவ்வளவுதான்.)

5

விஷயத்தைக் கேட்ட ஊ தான் டே முதல் முறையாக "யபாடே" சொல்லவில்லை. எனக்குப் பகீரென்றது. அவர் கைவிட்டால் கதை இங்கேயே படுத்துவிடும். அவர் கொட்டகைக்குப் பின்னால் போய், கால்மணி நேரம் எதையெதையோ உருட்டிவிட்டு, முகமெல்லாம் கிரீஸோடு வந்தார்.

"லாரியில சாமான் ஏத்துற பலகை ஒண்ணு கிடக்குது. தரையோட தரையா இறங்கும். மேல நின்னா போதும், அதுவே தூக்கிடும்."

"நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள் சத்யபாமா.

மோகன் அனுபவசாலி. பதிலுக்குத் தானே பலகையில் ஏறி நின்றார். கிர்ர்ர் என்று அது அவரைத் தூக்கியது. மந்திரி மேடைக்கு வருவதுபோல் கையை ஆட்டிக்கொண்டே போனார். பட்டறையே கைதட்டியது. அடுத்து சத்யபாமா. பாதித் தூரத்தில் சிரிக்க ஆரம்பித்தவளுக்கு மேலே போயும் அடங்கவில்லை. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று ஐந்து முறை ஏறி இறங்கினாள்.

சனிக்கிழமை வெல்டிங் முடிந்தது.

6

ஞாயிறு காலை தன்லின் பாலத்தைத் தாண்டி வண்டி கியாக்தான் போய்ச் சேர்ந்தது. தங்கமணி வீட்டுக்கு முன்னால், தெருவிலேயே நின்றது. சத்யபாமா இறங்கவில்லை. அவள் இருப்பது அவள் வீட்டில். கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். பலகை கீழே இறங்கியது.

மாவுக் கையோடு ஓடிவந்த தங்கமணி பலகையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"என்னங்க, இது படியா பலகையான்னு கேளுங்க."

"பலகைதான்னு சொல்லுங்க" என்றாள் சத்யபாமா, மோகனிடம்.

"அவ சொன்னா ஆச்சா? சூடம் அணைச்சிருக்குங்க. யாராச்சும் பொதுவான ஆளு சொல்லட்டும்."

7

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் தங்கமணி ஏறுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், மாவு எல்லார் மேலும். இரண்டாவதில், மோகனின் பன்னிரண்டு சார்ஜ் இடங்களும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட, தங்கமணி பாதி உயரத்தில் நிற்கிறாள். அந்தரத்தில் சத்தியம் செல்லாது என்று அங்கேயே பேசித் தீர்க்கிறார்கள். மூன்றாவதில் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். (மூன்றாவதை எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.)

ஆனால் அவள் கேட்பது பொதுவான ஆளை. புருஷர்கள் இருவரும் சொந்தம். ஊ தான் டே பலகையைச் செய்தவர். நான்? கதையை முடித்தாக வேண்டியவன், பலகையை மெத்தை என்றுகூடச் சொல்வேன். அந்த இடத்தில் எவருக்கும் உறவில்லாத ஒரே ஆள் நீங்கள்தான்.

தங்கமணி ஒரு காலைத் தூக்கிவிட்டாள். மேலேயிருந்து சத்யபாமா கையை நீட்டியிருக்கிறாள், இன்னும் ஒரு சாண்தான் எட்டவில்லை. தங்கைக்கு ஐம்பத்தாறு வயது, ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள். படியா, பலகையா?