பூட்ஸுக்கு உரியவர்

அகராதியின் ஐந்தாம் பகுதி அச்சாகி வந்த நாள் முதல், ரொட்டிக்கடைக்காரர் ஏபெல் டில்லியால் எந்தக் கதவுக்குள்ளும் நுழைய முடியவில்லை. அவரைக் கண்டதும் கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, தெருவில் நின்றபடியே ஜன்னல் வழியே கைநீட்டி மாவு பிசைந்தார். மனைவி பெஸ்ஸி முதல் வாரம் அழுதாள். அடுத்த வாரம், "மழைக்கு ஒரு கூரையாச்சும் போட்டுக்கய்யா, நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிற" என்று திட்டத் தொடங்கிவிட்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அந்த இங்கிலாந்துச் சிற்றூரில் ஆங்கில அகராதி தொகுத்துவந்த டாக்டர் செப்டிமஸ் க்ரீல், ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எழுதும் உதாரண வாக்கியத்தில் ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சேர்ப்பார். அச்சில் பேர் வரும் ஆசையில் வாத்தும் ஜாமும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஏராளம். டில்லியும் கொடுத்தார். கிடைத்தது 'எக்ஸ்க்ளூட்'. இன்றைய வழக்கில் விலக்கிவைப்பது. லத்தீன் வேரில், வெளியே நிறுத்திக் கதவடைப்பது. அச்சான வாக்கியம் டில்லிக்குப் பலித்தது, அதுவும் வேர்ப்பொருளில். பின்னால் 'நெக்லெக்ட்' வந்தது. இன்று அதற்கு அசட்டையாக இருப்பது என்று பொருள். வேரிலோ, பொறுக்கி எடுக்காமல் விடுவது. அந்த வாக்கியத்தில் இடம்பெற்ற பள்ளி ஆசிரியை சந்தையில் தவறவிட்ட கையுறையை யாராலும் எடுக்க முடியவில்லை. வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

அகராதிக்கு அச்சுப்பிழை பார்க்கும் ஹெஸ்டர் பிம் பழைய பகுதிகளைப் புரட்டினாள். நான்காம் பகுதியில் 'டெலீட்' இருக்கிறது. அதன் வேர், துடைத்து அழிப்பது. உதாரணத்தில் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. ஊரில் யாரையும் காணவில்லை என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் தனியாக வாழும் ஹெஸ்டரின் வீட்டில் இரண்டு நாற்காலிகள். வாசலில் ஓர் ஆணின் பூட்ஸ். ஊரே மிஸ் பிம் என்று அழைக்கும் அவள் விரலில் கல்யாண மோதிரம். ஞாயிறுதோறும் அந்த பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டு அழுவாள். யாருக்காக என்றே தெரியாமல் அழுவது பெரிய கொடுமை.

சேர்க்காமல் விடுவது என்று பொருள்படும் 'ஓமிட்' சொல்லின் முறை வந்தது.

"மிஸ் பிம், இதுக்கு யாரைப் போடலாம்? இப்பல்லாம் ஒருத்தனும் வாத்து கொண்டு வர்றதில்லையே" என்றார் க்ரீல்.

"வேர் என்னங்கய்யா?"

"கையில பிடிச்சிருந்ததை விட்டுடறது."

ஹெஸ்டர் பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப இந்த அகராதியையே போடுங்க. 'மிஸ் பிம் வீட்டு வாசல்ல இருக்கிற பூட்ஸுக்கு உரியவரை இந்த அகராதி ஓமிட் செய்தது'ன்னு."

"உரியவர் யாரும்மா?"

"அவரைத்தான்யா இது பிடிச்சு வெச்சிருக்கு."

க்ரீல் அவள் மோதிரத்தைப் பார்த்தார். அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அது அச்சேறிய அன்று காலை வாசலில் பூட்ஸ் இல்லை. சாயங்காலம் இருந்தது, புதுச் சேறு அப்பியிருந்தது. இரண்டாவது நாற்காலியின் மெத்தை அமுங்கியது. தட்டில் வைத்தது குறைந்தது. முகம் திரும்பவில்லை, பெயரும் திரும்பவில்லை. அகராதியின் 'டெலீட்' வாக்கியத்தில் அந்த இடம் இன்றும் வெள்ளைதான். ஆனாலும் க்ரீல் மறுநாளே, ஏனென்று தெரியாமல், அவளை மிஸஸ் பிம் என்று அழைத்தார்.

டில்லி இப்போதெல்லாம் அவளைக் கண்டால், கேட்காமலே இரண்டு பேருக்கான ரொட்டியை எடுத்து நீட்டுகிறார். வீட்டில் அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமல், "காலைத் தொடச்சிட்டு உள்ள வாங்க" என்கிறாள். வாசல் மிதியடியில் பூட்ஸ் உரசும் சத்தம் கேட்கிறது.