சுண்ணாம்புக்கு அடியில்

என் தொழிலில் அழுக்குக்குத்தான் விலை. பழைய கதவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அது வெறும் மரம். சுண்ணாம்பு உரிந்து தொங்கும்படி விட்டால் ஹோட்டல்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆகவே என் பட்டறையில் ஒரே சட்டம்தான்: அறுக்கலாம், துளைக்கலாம், சுரண்டக் கூடாது. தச்சன் சிலிமா ஒருமுறை மறந்துபோய் உப்புத்தாள் போட்டதற்கு ஒரு வாரம் அவனோடு நான் பேசவில்லை.

சான்சிபாரில் இடிகிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் உஸ்ஸி ஒரு முழுக் கதவை, நிலையும் மேல்கட்டையுமாகக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை.

“யார் வீட்டுது?”

“ஜோஹா அத்தை வீட்டுதுண்ணே. வைத்தியத்துக்கு தாருஸ்ஸலாம் போயிருக்காங்க. வித்துடுன்னு சொல்லிட்டுத்தான் கப்பல் ஏறினாங்க.”

வழக்கப்படி பாதி விலை சொன்னேன். “சரிண்ணே” என்றான். அப்புறம் கேட்டான்: “இன்னிக்கே அறுத்துடுவீங்கல்ல?”

பேரம் பேசாதவன் கொண்டுவரும் சரக்கு அவனுடையதாக இருக்காது. இது என் அப்பாவின் கடையில் நான் தவழும்போதே தெரிந்துகொண்டது. தெரிந்தும் வாங்கினேன்.

ஆண் கதவு, பெண் கதவு என்று எங்கள் ஊரில் சொல்லும் இரண்டு பலகைகளையும் தலாக் சொல்லாமலே பிரித்து, இரண்டு ஹோட்டல்களுக்கு மேசையாக்கினேன். மேல்கட்டையை மூன்றாக அறுத்தோம். ஓரத் துண்டுகள் சட்டை மாட்டும் கொக்கிப் பலகைகள். நடுத்துண்டில் வட்டமாக ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்தோம். அது அன்று மாலையே விலை போயிற்று.

பன்னிரண்டாம் நாள் வாசலில் “ஹோதி!” என்று, உள்ளே வரலாமா எனக் கேட்கும் குரல். ஜோஹா அக்கா. மூச்சு வாங்கியது.

“மகாமே, என் மேல்கட்டை எங்கே?”

“வித்துடச் சொன்னீங்கன்னு உஸ்ஸி...”

“நான் சொன்னேனா? வீட்டையே தன்னுதுன்னு காதிகிட்ட வழக்குப் போட்டிருக்கான் அந்தப் பய. வர்ற வியாழக்கிழமை விசாரணை. வக்ஃபு ஓலையைக் கறையான் தின்னு வருஷம் இருபதாச்சு. வீடு யாருக்குன்னு எங்க பாட்டனார் கட்டையிலதான் வெட்டி வச்சிருந்தார்.”

“கட்டையில எழுத்தே இல்லையேக்கா!”

“எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெருநாளுக்கும் நான்தானே சுண்ணாம்பு அடிச்சேன். நாப்பது வருஷம்.”

கொக்கிப் பலகைகள் இரண்டும் கடையிலேயே தொங்கின. என் சட்டத்தை நானே மீறி உளியால் சுரண்டினேன். ஒன்றில் அரபு எழுத்தில் பிஸ்மில்லாவும் கட்டினவர் பெயரும், “இந்த வீட்டை என்” என்ற சொற்களும் வந்தன. இன்னொன்றில் “வக்ஃபு செய்தேன், இது விற்கப்படலாகாது”, கீழே ஆண்டு. யாருக்கு என்பது நடுத்துண்டில்.

கடற்கரை ஹோட்டலில் மேலாளரிடம் கெஞ்சி, நான் விற்ற விலைக்கு மூன்று மடங்கு கொடுத்து, குளியலறைச் சுவரிலிருந்து அந்தக் கண்ணாடியைக் கழற்றி வந்தேன். சுரண்டினோம். ஓட்டைக்கு மேலே எழுத்துகளின் தலைகள், கீழே சில புள்ளிகள்.

“வெட்டி எடுத்த வட்டம் எங்கேடா?”

சிலிமா அடுப்பைப் பார்த்தான். “அன்னிக்கு டீ போட்டோமே, முதலாளி.”

காதி நல்ல மனுஷர். மூன்று துண்டுகளையும் பாயில் அடுக்கிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “மகள்னும் இருக்கலாம், மகன்னும் இருக்கலாம். தலையை வச்சு ஆளைச் சொல்ல முடியலையேம்மா” என்றார். ஜோஹா அக்கா மகள் வழி. மகன் வழியில் வந்த உஸ்ஸி வாய்மேல் கை வைத்துக்கொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

வீடு உஸ்ஸிக்கென்று தீர்ப்பாயிற்று. அக்கா வீட்டைக் காலி செய்யும் நாளில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவு இருந்த இடத்தில் பெண்கள் உடுத்தும் கங்கா துணி ஒன்று தொங்கியது. பழக்கதோஷம், “ஹோதி” என்றேன்.

“துணிக்கு என்ன ஹோதி? உள்ள வா.”

மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருந்திருக்கும். கண்ணாடியை நீட்டினேன். அதில் தன் முகத்தைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கே. இதை நான் எங்க மாட்டறது?”

திருப்பிக் கொண்டுவந்து கடையின் உள்சுவரில் மாட்டினேன். நேற்று ஒரு வெள்ளைக்காரி அதன் முன் நின்று விலை கேட்டாள்.

“விக்கிறதில்லம்மா.”

சிரித்தாள். எங்கள் ஊரில் பேரம் இப்படித்தான் தொடங்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தொகை சொன்னாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். இன்னும் ஏற்றினாள்.