லிஃப்ட் மெக்கானிக்கின் கவலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லிஃப்ட் மெக்கானிக்கின் கவலை அவர் உடம்பைவிட்டு வெளியே வந்து, கொடியில் கிடந்த அவருடைய இன்னொரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டது. அளவு சரியாக இருந்தது. அன்றுதான் அவர் முதன்முதலாகக் கஞ்சா புகைத்திருந்தார். வாங்கி வந்தவன் அவர் மனைவியின் தம்பி. இருவரும் ஒரே பொட்டலத்தைத்தான் பங்கு போட்டார்கள். மச்சானிடமிருந்து இருமலைத் தவிர வேறெதுவும் வெளியே வரவில்லை. அவன் எதையும் மனதில் போட்டு வைத்துக்கொள்ளாத ஆள். குஷிக்கு இழுத்தான், அடுத்த மாதமே அதை மறந்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். மெக்கானிக்கோ கதவைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவர், குழந்தை தும்மினால் டாக்டர் நம்பரைத் தேடுகிறவர். அவன் வாடகைக்கு எடுத்ததை இவர் கிரயம் பண்ணிக்கொண்டார்.

புகை தெளிந்ததும் கவலை உள்ளே திரும்பும், ஒவ்வொரு முறையும் சற்றுப் பருத்து. அது உள்ளே இடிக்க இடிக்க இவர் மறுபடி பற்றவைப்பார். ஞாயிறோடு புதனும் சேர்ந்தது, பிறகு எல்லா நாளும் சேர்ந்தது, இரண்டாம் வருடத்தில் பல் துலக்குவதற்கு முன்பே என்றானது. கவலையும் போகவர அலுத்துப்போய் வெளியிலேயே தங்கிவிட்டது. மனைவி அதற்கும் ஒரு தட்டு வைத்தாள். பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா கையெழுத்தை அதுதான் போட்டது.

பிறகு ஒரு ஏழு மாடிக் கட்டிடத்தில் லிஃப்டுக்கு பிரேக் மாற்றிய மெக்கானிக், முறுக்கிய போல்ட்டுகளை இன்னொருமுறை சரிபார்க்காமல் வேலை முடிந்ததாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். கவலை லிஃப்ட் வாசலில் கையை விரித்து நின்று, இரண்டு நாள் ஒருவரையும் ஏற விடவில்லை. குடியிருந்தவர்கள் திட்டிக்கொண்டே படி ஏறினார்கள். மூன்றாம் நாள் வேறு ஆள் வந்து பார்த்தால், பிரேக் போல்ட்டுகள் விரலால் கழற்றும்படி இருந்தன. லிஃப்ட் கம்பெனி மேனேஜர் நியாயஸ்தர். அடையாள அட்டையைக் கவலையின் கழுத்தில் மாட்டிவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பினார்.

மனைவி கோபப்படவில்லை. "வேலை அதுக்குப் போயிடுச்சு. இன்னும் ஒரு மாசம் இப்படியே இருந்தீங்கன்னா, புருஷன் யாருன்னு கேட்டா நான் அதைத்தான் கை காட்டணும்."

அன்றோடு நிறுத்தினார். மூன்று வாரம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். ஆறுதல் சொல்ல வந்த மச்சான், "ஒரே ஒரு இழுப்பு மாமா. நானும்தான் இழுத்தேன், எனக்கென்ன ஆச்சு?" என்றான்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுடா. நீ ஜன்னல் இல்லாத வீட்டையே பார்த்ததில்ல. நான் அதுலதான் குடியிருக்கேன், உள்ள போன புகை வெளிய போகாது."

அவனை அனுப்பிவிட்டு, மேசையில் ஸ்பேனர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த கவலையிடம் போய், உள்ளே வா என்று கூப்பிட்டார்.

"வந்தா திரும்பப் புகையப் போட்டு வெரட்டுவ."

"மாட்டேன்னு சத்தியம்லாம் பண்ண முடியாது. இன்னிக்கு வெரட்டல."

அந்தச் சொல்லுக்குக் கவலை முழுதாகப் படியவில்லை. சாயங்காலம்வரை பேரம் நடந்தது. பாதி உள்ளே வருவது, பாதி வெளியிலேயே நிற்பது என்று முடிவானது.

மேனேஜர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது போல்ட்டை இவர் ஒருமுறை முறுக்குகிறார், அது இன்னொருமுறை முறுக்குகிறது. ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் லிஃப்டில் மெக்கானிக் ஏறினால், மற்றவர்கள் ஒன்றும் கேட்காமல், அவருக்கும் கவலைக்குமாக இரண்டு இடம் விட்டு, நாலு பேரோடு கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.