பாதி மொட்டை

எங்கள் எம்மாவு இல்லத்தில் சோறு போடும் முன் யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. எந்த ஊர், என்ன ஆட்கள், எப்படி ரோட்டுக்கு வந்தீர்கள் என்ற விசாரணையும் கூடாது. இது எங்கள் சபைப் போதகர் போட்ட சட்டம். எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் கூடவே நடந்து வந்த இயேசுவையே சீஷர்களுக்கு அடையாளம் தெரியவில்லை, பந்தியில் உட்கார்ந்த பிறகுதானே தெரிந்தது, நமக்கு மட்டும் என்ன அவசரம் என்பார். ஆகவே கீரனூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தால் முதலில் குளியல், அடுத்து முடிவெட்டு, பிறகு சாப்பாடு. பெயர் கடைசியில்தான். ஆறு வருடமாக நான் இங்கே வார்டன். இந்தச் சட்டத்தால் ஒரு வம்பும் வந்ததில்லை, போன மாசி மாதத்து அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அன்றுதான் ஆனந்தராஜ் மறுபடி கத்திரி பிடிப்பதாக ஏற்பாடு. மணமேல்குடியில் சலூன் வைத்திருந்த மனிதர். குடியால் கை நடுங்கி, ஒரு வாடிக்கையாளரின் காதைக் கிழித்து, கடை போய், வீடு போய், எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவர் கையில் டம்ளர் நிற்காது. பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். நானும் அப்படியே எழுதினேன்.

குடியை விட்டு இப்போது இரண்டு வருடம். ஊசியில் நூல்கூடக் கோர்க்கிறார், ஆனால் கத்திரியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைத்தெருவில் சபைக்குச் சொந்தமான ஒரு சின்னக் கடை காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு தலையை ஒழுங்காக முடித்துக் காட்டினால் கடை அவருக்கு என்று போதகர் சொல்லியிருந்தார். நான் ஒரு மாதம் நச்சரித்தேன், கெஞ்சினேன், கடைசியில் மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருப்பதை இந்த இல்லத்தில் யாராலும் தாங்க முடியாது. சரி என்றுவிட்டார்.

பத்து மணிக்கு எங்கள் வேன் டிரைவர் ஜெரால்டு ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். வயது அறுபது இருக்கும். தலை நிறைய, முகம் நிறைய முடி. காலெல்லாம் கொப்புளம். தோளில் ஒரு துணிப் பை. வேட்டி என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி செம்மண்ணும் தாரும் வேர்வையும் அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டிருந்தன. பஸ் ஸ்டாண்டில் மடியை ஏந்திப் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுருண்டு விழுந்தாராம். ஜெரால்டு என்ன சொன்னாலும் கும்பிடுகிறாரே தவிர வாயைத் திறக்கவில்லை. பாவம், பேச்சு வராது போல என்று முடிவு கட்டினோம். எங்களுக்கு முடிவு கட்ட அதிக நேரம் ஆகாது.

குளிப்பாட்டி, இல்லத்துக் கைலி ஒன்றைக் கட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அழுக்கு வேட்டியைச் சொர்ணம் துவைக்க எடுத்துப் போனார். எங்கள் சலவை இலாகா அவர்தான். கோயில் வாசலில் எட்டு வருடம் படுத்துக் கிடந்தவர். இப்போது ஒரு துணியில் கறை மிச்சமிருந்தால் அன்றைக்குத் தூங்கமாட்டார்.

இல்லத்தில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் நாற்காலியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஆனந்தராஜ் வெளிறிப்போய் நின்றார். பேன் இருக்கும், மெஷின் போட்டு ஒட்ட எடுத்துவிடுங்கள் என்று சொன்னது நான்தான், அதை மறைக்க விரும்பவில்லை. அவர் குனிந்து, முடி எடுத்துவிடலாமா ஐயா என்று பெரியவரிடம் அனுமதி கேட்டார். பெரியவர் தலையை ஆட்டினார். அது தூங்கி விழுந்த ஆட்டம் என்பது பாதித் தலை போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கை நடுங்கவில்லை. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் மெஷின் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கோடு, அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. இடது பக்கம் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்ட, நான் விசிலே அடித்துவிட்டேன். ஆனந்தராஜ் இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். எனக்கு ஆகாயத்தில் மிதப்பது போல இருந்தது. அப்போதுதான் துவைக்கிற கல்லிலிருந்து சொர்ணம், சொட்டச் சொட்ட வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

வேட்டி பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் கிழங்கு முடிந்து வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாசி மாதம், மஞ்சள் வேட்டி, வெட்டாத முடி, மடிப்பிச்சை, பேசா விரதம். சமயபுரம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நடந்து போகிறவர். பக்திமான் ஒருவர் அம்மனுக்கென்று வளர்த்த முடியில் சரிபாதியை, சோறு போடும் முன் கேள்வி கேட்கக் கூடாது என்ற சட்டத்தை மதித்து, நாங்கள் மழித்து வைத்திருந்தோம்.

கைதட்டிய கைகள் எல்லாம் பின்னால் போய்விட்டன. ஆனந்தராஜ் மெஷினை அணைத்து நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா. இது வெளங்காத கை. இனிமே தொட மாட்டேன்."

சத்தம் நின்றதும் பெரியவர் விழித்துக்கொண்டார். இடது பக்கம் தடவினார், வழவழ. வலது பக்கம் தடவினார், காடு. ஜெரால்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு கண்ணாடியை நீட்டினார். பெரியவர் அதில் தன்னைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. விரதக்காரர் திட்டவும் முடியாது.

அந்த நேரம் பார்த்து அவருடைய துணிப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் என் கையில் திணித்தார். திரையில் அமராவதி என்றிருந்தது. பதற்றத்தில் எதை அமுக்கினேனோ, ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. அவருடைய மனைவி. நான் அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெயர் தெரியாத உங்கள் கணவர் என்று சொல்ல வேண்டியிருந்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. பெயரைச் சொல்லுங்களேன் என்றால், அந்தம்மா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாராம்.

அவர் சொன்னது இவ்வளவு. சொந்த ஊர் திருமயம் பக்கம். மகள் திலகவதிக்கு ஒன்பது வருடம் கழித்துக் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்கான வேண்டுதல். மெதுவாக நடக்கிற ஆளாகையால் கூட்டத்தை விட்டுப் பின்தங்கிவிட்டார். பாதி மொட்டை என்று நான் இன்னொரு முறை சொன்னதும் அந்தம்மாவின் குரல் உடைந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார்.

"ஆத்தாளுக்கு வேண்டியது முடி. அது எந்த மரத்தடியில எறங்குச்சுன்னு அவ கேக்க மாட்டா. ஆனா பாதித் தலையோட போயி நின்னாகன்னா அவளே சிரிச்சுருவா. மிச்சத்தையும் எடுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு குடுத்து விடுங்க, உண்டியல்ல போட்டுருவாக." சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க தாயி. எடுக்குறவரு கை நல்ல கையா?"

இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆனந்தராஜ் தரையைப் பார்த்தார். கிழிந்த காது, உடைந்த டம்ளர்கள், பதிவேட்டில் நான் எழுதிய அந்தச் சொல், எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. பிளெஸ்ஸி, பொய் சொல்லிவிடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் பொய் சொல்ல அவசியமே இருக்கவில்லை.

"நல்ல கைம்மா. ஒங்க வீட்டுக்காரரு அந்தக் கையிலதான் தூங்கிட்டாரு."

பெரியவரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தமில்லாத சிரிப்பு. விரதமும் முறியக் கூடாது, சிரிப்பும் அடங்கவில்லை, மனிதர் கண்ணில் தண்ணீர் வழியத் திண்டாடினார். அதைப் பார்த்துச் சொர்ணம் சிரிக்க, ஜெரால்டு சிரிக்க, மரத்தடி முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. பெரியவர் குனிந்து மெஷினை எடுத்தார். ஆனந்தராஜின் கையில் வைத்தார். ஈர வேட்டியை வாங்கி மடியில் விரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வலது பக்கம் இறங்கியது. தாடியும் இறங்கியது. ஒரு முடி தரையில் விழவில்லை. முதலில் எடுத்ததையும் ஆனந்தராஜ் மண்டியிட்டுப் பொறுக்கி, மண்ணை ஊதி, அந்த மடியிலேயே போட்டார். எல்லாவற்றையும் ஒரு முனையில் முடிந்துகொண்டு பெரியவர் எழுந்தார். மிச்ச வேட்டியை ஏந்தி எங்கள் முன்னால் நீட்டினார். மடிப்பிச்சை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் இல்லம் அமளிதுமளிப்பட்டது. இங்கே இருப்பவர்கள் எல்லா வாசலிலும் கை நீட்டியவர்கள், அவர்களிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. சொர்ணம் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் என்னைக் கேட்காமலே அரிசிப் பானைக்குள் கையை விட்டார்கள். ஒருவர் பீடிக் கட்டைப் போட்டார், அதை நான் பிடுங்கினேன். இடம் கொடுங்கள், நான் இன்னும் போடவில்லை என்று தள்ளுமுள்ளு. நானும் ஒரு படி அரிசியோடு இல்லத்தின் நம்பர் எழுதிய சீட்டைப் போட்டேன். சாப்பிட வைத்து, காலுக்கு மருந்து போட்டு அனுப்பினோம். வேனில் விடுகிறேன் என்ற ஜெரால்டைக் கும்பிட்டு மறுத்துவிட்டு, புது மொட்டை வெயிலில் மின்ன நடந்து போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் போன் அடித்தது. முடி எடுத்தவரிடம் கொடுக்கச் சொன்னது ஓர் ஆண் குரல். இந்தத் தடவை வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஆத்தாளுக்குச் செலுத்தியாச்சு. வெரதம் முடிஞ்சு மொத ஆளா ஒங்ககிட்டத்தான் பேசுறேன். நான் ரத்தினவேலு. ஒங்க பேரு என்னங்க, என்ன பண்றீங்க?"

போனைப் பிடித்திருந்த ஆனந்தராஜின் கை அப்போதுதான் நடுங்கியது. என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஆனந்தராஜுங்க. கீரனூர் கடைத்தெருவுல சலூன் வச்சிருக்கேன்."

கடைச் சாவி அந்த நிமிடம் வரைக்கும் போதகரின் பையில்தான் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. பதிவேட்டை எடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன்.