தேதி இல்லாத லிஃப்ட்

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சைக்கொடி. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தால்தான் மனிதருக்குச் சாப்பாடு இறங்கும். எந்த லிஃப்டை எப்போது சோதிக்க வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள் எங்களுடையது. கடைசியாகச் சோதித்த தேதியைக் கொடுத்தால் அதிலுள்ள ஃபங்ஷன் என்ற ஒரு துண்டு நிரல் அடுத்த தேதியைச் சொல்லும். கெடு தாண்டிய லிஃப்ட் சிவப்பாகி, சோதித்து முடிக்கும்வரை தரைத்தளத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசித் தேதியே இல்லாவிட்டால்? அந்த ஃபங்ஷனைத் திறந்து பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. தேதி காலியாக இருந்தால் இன்றைய தேதியை எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி. அதாவது யாரும் தொட்டே பார்க்காத லிஃப்ட், தினமும் அன்றைக்குத்தான் சோதித்ததுபோல் பல்லிளித்துக்கொண்டு பச்சையாக நிற்கும். எழுதிய புண்ணியவான் பச்சைக்கொடியேதான்.

அந்த வரியைத் தூக்கி எறிந்தேன். தேதி காலியென்றால் 'தெரியாது' என்று சொல், சிவப்பாக்கு என்று எழுதினேன். யாரோ ஒரு புத்திசாலி தேதிக்குப் பதிலாக ஸ்பேஸ் பட்டனைத் தட்டிவிட்டுப் போயிருந்தான்; அதையும் காலியாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பச்சைக்கொடி என் மேசைக்கே வந்துவிட்டார்.

"புது லிஃப்டுக்குத் தேதி இருக்காதும்மா. அதுக்காகத்தான் இன்னிக்குத் தேதி போட்டேன்."

"புதுசுன்னா மாட்டின தேதியாவது இருக்கும் சார். இதுல அதுவும் இல்ல."

"எல்லாம் சிவப்பானா கஸ்டமர் என்னைக் கிழிச்சிடுவான். பழைய வரியைப் போடு."

"மாட்டேன். தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

சிவப்பாகப் போகிற கட்டடங்களைத் திரையில் ஓட்டியவர், ஒன்றில் விரலை வைத்தார். "இது உங்க அக்கா இருக்கிற இடம்தானே? அவங்க வீடு மாத்தன்னு லீவு எடுத்தியே. நாலாவது மாடி, சக்கர நாற்காலி. நிறுத்திடுவியா?"

அந்த லிஃப்ட் நின்றால் அக்காவால் வேலைக்குக்கூடப் போக முடியாது. ஆனால் அவர் உதட்டோரம் சிரித்தாரே, அதைப் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் எதிரிலேயே அக்காவை ஸ்பீக்கரில் கூப்பிட்டேன்.

"அக்கா, உங்க லிஃப்டை யாரும் சோதிச்சதாவே தெரியல. நிறுத்தினா நீ மேலயே மாட்டிப்ப."

"ரெண்டாவது மாடி தாண்டும்போது ஒரு உதறு உதறும்டி. நான் தினமும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுதான் போயிட்டு வரேன். நிறுத்து."

"உன் வேலை?"

"நீ உன் வேலையைப் பாரு. என் வேலையை நான் பாத்துக்கிறேன்."

பச்சைக்கொடியின் சிரிப்பு போய்விட்டது. "இதை அனுப்பினா இங்க உனக்கு வேலை இருக்காது."

"அப்போ பழைய வரியை நீங்களே போட்டுடுங்க சார். ஆனா மாத்தினது யாருன்னு உங்க பேரு அதுல பதிஞ்சிடும்."

மனிதர் கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார். நான் என் மாற்றத்தை எல்லா லிஃப்டுகளுக்கும் போகும்படி அனுப்பினேன்.

மறுநாள் மாலை படியேறிப் போனால், நாலாவது மாடியில் ஒரே ரகளை. எவன் இதை நிறுத்தினது என்று பக்கத்து வீட்டுக்காரர் குதித்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியை அவருக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என் தங்கச்சிதான். எனக்கே இல்லாத கஷ்டமா உங்களுக்கு? கால் இருக்கில்ல, நடங்க!"

அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே மெக்கானிக் வந்தார். பிரேக்கைக் கழற்றிப் பார்த்தவர், "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அக்காவின் நாற்காலியைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார். புதிது மாட்டி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, தன் போனில் தேதியைப் பதிந்தார். அந்த லிஃப்டுக்குக் கிடைத்த முதல் தேதி.

கீழே போக முதலில் அக்காதான் லிஃப்டுக்குள் போனாள். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். கதவு மூடியது. நான்காவது மாடி, மூன்றாவது மாடி. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணைத் தொறடி," என்றாள் அக்கா. "தாண்டியாச்சு."